அத்தியாயம் 9: கடல் கடக்கும் பதிப்பு

வெளிநாட்டு அழைப்பு பெரும்பாலும் ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு புத்தக மேசையருகில்தான் வருகிறது. விடுமுறைக்கு ஊர் வந்த ஒரு சகோதரர் தியான நூலில் பத்துப் பிரதி வாங்கிக்கொண்டு, "ஐயா, எங்க சபையில இது கிடைச்சா எல்லாரும் வாங்குவாங்க. அங்க நம்ம ஜனங்க நிறைய இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பத்துப் பிரதியைத் தவிர வேறு எதற்கும் அவர் பொறுப்பு ஏற்கவில்லை. யார் பெட்டியை இறக்குவது, எங்கே வைப்பது, யார் விற்பது, பணம் எப்படித் திரும்பி வருவது என்ற கேள்விகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன.

இந்த நூலை வாசிக்கிற பலருடைய ஊழியம் எனக்குப் பழக்கமானது. சைதாப்பேட்டை பஜார் ரோட்டை ஒட்டி ஒரு மாடி அறை, ஒரு டிடிபி கம்ப்யூட்டர், படிக்கட்டின் அடியில் அடுக்கிய கட்டுகள். வருஷத்துக்கு மூன்று நான்கு தலைப்புகள், ஒரு மாதப் பத்திரிகை, லெந்து நாட்களுக்கு ஒரு தியான நூல். இவ்வளவு சிறிய ஊழியம் கடல் கடக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் கிளை வைக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற ஒரு சபையோ, கிறிஸ்தவப் புத்தகக் கடையோ, வேதாகமச் சங்கமோ தன் பெயரில் தன் பொறுப்பில் வெளியிடுகிற புத்தகம்தான் அந்த நாட்டில் நிலைக்கும். அதற்கு நாம் துணை நிற்கிறவர்கள். இந்த அத்தியாயத்தில் நான் சொல்கிற கணக்கு, சட்டம், காகிதம் எல்லாம் இந்த ஒரே கருத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

யாழ்ப்பாணத்துக்குப் போன அச்சுக்காரர்

நம் மொழியிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்க இலங்கை மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கியது. நான்கு வருஷத்தில் அவர்களுக்கு ஓர் அச்சுக்கூடம் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் காரெட் என்ற அச்சுக்காரரை அனுப்பினார்கள். 1820 ஆகஸ்டில் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஆள் வந்தாயிற்று, தொழில் தெரியும், வாசகர்கள் காத்திருக்கிறார்கள். அனுமதி மட்டும் இல்லை. அப்போது இலங்கையை ஆண்ட சர் எட்வர்டு பார்ன்ஸ், இந்த அச்சுக்காரர் தீவில் தங்கக் கூடாது என்று உத்தரவிட்டார். மனுக்கள் போயின, பலன் இல்லை. காரெட் இந்தியாவுக்குக் கப்பலேறி 1821இல் பம்பாய் போய், அங்கே அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்தி, 1831இல் அந்த ஊரிலேயே இறந்தார்.

யாழ்ப்பாணத்தில் வேலை நின்றுவிடவில்லை. ஆங்கிலேய ஆட்சிக்கு உட்பட்ட சர்ச் மிஷன் சங்கத்தார் நல்லூரில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அச்சு வேலை அவர்கள் பொறுப்பில் நடந்தது. பார்ன்ஸ் போன பிறகு தடை நீங்கியது. ஈஸ்ட்மன் மைனர் என்ற அச்சுக்காரர் வந்தார். 1834 முதல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் தன் சொந்த அச்சகத்தை நடத்தியது. 1841 ஜனவரியில் அங்கிருந்து 'உதயதாரகை' வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயர்கள் மேல்நாட்டுப் பெயர்கள். ஆட்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள்.

இந்தக் கதையை நான் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் சொல்வேன். அதில் மூன்று காரியங்களைக் கவனிக்கச் சொல்வேன். ஆளை அனுப்பும் முன்பே அனுமதியைக் கேட்டிருக்க வேண்டும். அனுமதி இல்லாத பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்தில் வேலையைக் காத்தது அதே இடத்தில் இருந்த இன்னொரு சபையின் கை. கடைசியில் பத்திரிகை தொடங்கியபோது ஆசிரியர் நாற்காலியில் உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்தார்கள். இருநூறு வருஷத்துக்குப் பிறகும் விசா அலுவலகத்தில் கேட்கப்படுவது அதே கேள்விதான். சுற்றுலா விசாவில் போய் நற்செய்திக் கூட்டம் நடத்தி, புத்தகம் விற்றுவிட்டு வந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். நீங்கள் விமானம் ஏறி வந்துவிடுவீர்கள். உங்களை அழைத்த போதகர் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

தரங்கம்பாடியும் இதே பாடத்தை வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. 1706இல் மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்தார். லண்டனிலிருந்து எஸ்.பி.சி.கே. சங்கத்தார் அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். கப்பல் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மீண்டது. இயந்திரத்தோடு வந்த யோனாஸ் ஃபிங்கே வழியிலேயே இறந்துபோனார். 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் அச்சடித்தால் காகிதம் போதாது. இங்கேயே பொறையாறில் சிறிய எழுத்துகளை வெட்டி வார்த்தார்கள், அதன் பிறகுதான் 1715இல் புதிய ஏற்பாடு முடிந்தது. காகிதத்துக்கும் அங்கேயே ஆலை வைத்துப் பார்த்தார்கள். தூரத்தில் உட்கார்ந்து அன்போடு செய்து அனுப்பிய பொருளானாலும் அந்த மண்ணில் ஒருமுறை திருத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. சைதாப்பேட்டையில் வடிவமைத்த புத்தகத்துக்கும் டொரன்டோவிலோ கோலாலம்பூரிலோ இது பொருந்தும்.

முதலில் ஒரு பட்டியல்

ஜான் மர்டாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1844இல் கண்டிக்கு ஆசிரியராக வந்து, சிங்களக் கைப்பிரதிச் சங்கத்தை உருவாக்கி, பிறகு 1858இல் தொடங்கிய கிறிஸ்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கத்துக்காக மெட்ராஸ் வந்தார். நாம் இன்று சி.எல்.எஸ். என்று அழைக்கும் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் வேர் அது. அவர் 1865இல் வெளியிட்ட நூல்களில் ஒன்று, அதுவரை தமிழில் அச்சான புத்தகங்களின் வகைப்படுத்திய பட்டியல். கிறிஸ்தவ நூல்கள் மட்டும் அல்ல. சைவம், வைணவம், இஸ்லாம், இலக்கணம், வைத்தியம் எல்லாம் அதில் உண்டு. புதிய இடத்தில் வேலை செய்ய வந்தவர், ஏற்கெனவே இருப்பது என்ன என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேலே நடந்தார்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். எந்த நாட்டைப் பற்றி யோசிக்கிறீர்களோ அங்கே இப்போது தமிழில் எந்தெந்தக் கிறிஸ்தவ நூல்கள் கிடைக்கின்றன, எந்தக் கடையில், என்ன விலைக்கு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அங்குள்ள சபைகளின் பெயர், தமிழ் ஆராதனை நேரம், ஞாயிறு பள்ளி எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் சேருங்கள். ஞாயிறு பள்ளி பற்றிய அந்த ஒரு வரி உங்கள் திட்டத்தையே மாற்றிவிடக் கூடும். தமிழ் ஆராதனைக்கு வருகிற குடும்பத்தின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாடம் படிக்கிற நாட்டில், சிறுவர் நூலைத் தமிழ் எழுத்தில் மட்டும் அனுப்பினால் அது பாட்டி கையில்தான் நிற்கும். அங்கே பாட்டியும் பேரனும் சேர்ந்து வாசிக்கிற இருமொழி நூல் வேண்டும்.

எந்த நாடு

இலங்கை அருகில் இருக்கிறது, அங்கே தமிழ் வீட்டு மொழியாகவே வாழ்கிறது. ஆகவே பலர் அதையே முதலில் நினைக்கிறார்கள். நினைப்பது சரி, எண்ணிக்கையைச் சரியாகப் பார்க்க வேண்டும். 2012 குடிமதிப்பின்படி அந்நாட்டு மக்களில் கத்தோலிக்கர் சுமார் 6 சதவீதம். மற்றக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு பகுதியிலும் சிங்களம் பேசுகிறவர்களைக் கழித்தால், ஒரு சீர்திருத்த சபைப் பதிப்பகத்தின் நேரடி வாசகர் கூட்டம் மிகச் சிறியது என்பது புரியும். சிறியதாக இருப்பதால் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பிரதியை நினைக்காமல் இருநூறு பிரதியை நினையுங்கள் என்கிறேன். கத்தோலிக்க வாசகரையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால், வேத வசனத்தை எந்த மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கிறோம் என்பதை எழுதத் தொடங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். அச்சான பிறகு அதை மாற்ற முடியாது.

இலங்கைக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அமெரிக்க இலங்கை மிஷனின் சபைகளும் அதில் சேர்ந்தன. யாழ்ப்பாணத் திருமண்டிலம் இன்றும் அந்தத் திருச்சபையின் பகுதி. திருச்சபையின் தலைமையகம் ராயப்பேட்டையில், நமக்கு ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறது. சகோதரத் திருமண்டிலங்கள் வழியாக அறிமுகம் கேட்பது தெரியாத கடைக்காரருக்கு மின்னஞ்சல் போடுவதைவிட எத்தனையோ மடங்கு நல்லது.

2022ஐ மறக்கக் கூடாது. அந்த வருஷம் மார்ச்சில் இலங்கையில் காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வுகளைத் தள்ளிப்போட்டார்கள். நாளிதழ்கள் சில அச்சை நிறுத்தி இணையத்துக்கு மட்டும் போயின. டாலர் இல்லாத நாட்டுக்கு அனுப்பிய புத்தகத்தின் பணம் திரும்பி வர வழியே இருக்காது. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி வையுங்கள்: விற்ற பணத்தை அங்கேயே அடுத்த பதிப்புக்குச் செலவிட அனுமதி. அந்த ஒரு வரி இருந்தால், பணம் வராத வருஷத்திலும் அங்கே புத்தகம் வரும்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. வாங்கும் சக்தி உண்டு, தமிழ் மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகள் பழமையானவை, தபால் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆனால் சமயங்களுக்கு இடையிலான அமைதியை அந்த அரசு மிகக் கண்டிப்பாகக் காக்கிறது. 1990இலேயே அதற்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019இல் திருத்தி, வெளிநாட்டு நன்கொடையையும் வெளிநாட்டுச் செல்வாக்கையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2009இல் இன்னொரு சமயத்தாரைப் புண்படுத்தும் கைப்பிரதிகளைத் தபாலில் அனுப்பிய ஒரு கிறிஸ்தவத் தம்பதிக்கு எட்டு வாரச் சிறைத் தண்டனை கிடைத்தது. எனவே நம் பழைய பட்டியலில் உள்ள சாட்சி நூல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். விட்டு வந்த மதத்தைப் பழித்து எழுதிய பக்கங்கள் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நூல்களில் சாதாரணம். சிறைக்குப் பயந்து அவற்றை நீக்கச் சொல்லவில்லை. அயலாரைப் பழிக்கிற பக்கத்தை நம் ஊரிலும் மறுபதிப்புச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மலேசியாவில் அரசியல் சாசனத்தின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. கிறிஸ்தவ வெளியீடுகள் பலவற்றில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும் என்ற வரியைப் பார்க்கலாம். தமிழ் நூலுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை அங்குள்ள சபையே சொல்லட்டும். அங்கே கேட்க ஆள் இருக்கிறார்கள்: தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் லுத்தரன் குடும்பங்கள் 1907 வாக்கிலேயே மலாயாவில் சபையாகக் கூடிவிட்டன, தமிழ் மெதடிஸ்டுகளுக்குத் தனி மாநாடே உண்டு. வளைகுடா நாடுகளில் அரசு அனுமதித்த ஆலய வளாகத்துக்குள்தான் எல்லாம். வளாகத்துக்கு வெளியே ஒரு பிரதியும் போகாது என்று உறுதி சொல்லக்கூடிய பொறுப்பாளர் இல்லையென்றால் அங்கே தொடங்க வேண்டாம். கனடா, பிரிட்டன் இரண்டிலும் சட்டம் எளிது. பிரிட்டனில் அச்சுப் புத்தகத்துக்கு வாட் வரியும் இல்லை. அங்கே தடை தபால் செலவுதான். அதைப் பின்னால் பார்ப்போம்.

உரிமை உங்கள் கையில் இருக்கிறதா

நல்ல ஊழியங்கள் தடுமாறுகிற இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆசிரியர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் "இந்த நூலை வெளியிட உரிமை அளிக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், உரிமை மாற்றத்தில் எந்த நிலப்பரப்பு என்று எழுதவில்லையானால் அது இந்தியாவுக்குள் மட்டும். எத்தனை வருஷம் என்று எழுதவில்லையானால் ஐந்து வருஷம். அப்படியானால் அந்த ஒற்றை வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூர்ச் சபைக்கு மறுபதிப்பு உரிமை கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. கடிதத்துக்கு வயது ஐந்தைத் தாண்டியிருந்தால் இந்தியாவிலேயே கேள்வி எழும். ஆசிரியரையோ அவர் வாரிசுகளையோ நேரில் பார்த்து, நாடுகளையும் காலத்தையும் எழுதிப் புதுக் கடிதம் வாங்குங்கள்.

இங்கே பொதுவுடைமையான நூல் அங்கேயும் பொதுவுடைமை என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 வருஷம், சிங்கப்பூர், பிரிட்டன், இலங்கையில் 70, மலேசியாவில் 50. 1960இல் இறந்த ஒருவரின் பிரசங்கங்களை 2021 முதல் சைதாப்பேட்டையில் யாரும் அச்சிடலாம். அதே கட்டைச் சிங்கப்பூர்க் கடையில் வைக்க 2031 வரை காத்திருக்க வேண்டும், அல்லது குடும்பத்தாரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டுவிடுங்கள், குடும்பத்தார் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு கொடுக்கிறார்கள். வேத வசனங்களுக்கு இந்திய வேதாகமச் சங்கத்தின் அனுமதி வைத்திருந்தால், அது வெளிநாட்டுப் பதிப்புக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

துணை அமைப்போடு செய்யும் ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தத் தலைப்பு, எந்த மொழி, எந்த நாடு, எத்தனை பிரதி, எத்தனை வருஷம், ராயல்டி எவ்வளவு, கணக்கு எப்போது, உள்ளூருக்கு ஏற்ப எதை மாற்றலாம், எதை ஆசிரியர் சம்மதமின்றி மாற்றக் கூடாது என்பவை இருந்தால் போதும். மூன்று வருஷம் என்று தொடங்குங்கள். ஐ.எஸ்.பி.என். எண் யார் பதிப்பாளரோ அவர் நாட்டில் வாங்குவது. நம் எண் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும், சிங்கப்பூரில் 978-981. அவர்கள் வெளியிட்டால் அவர்கள் எண், அவர்கள் முகவரி, அவர்கள் முன்னுரை. முதல் பக்கத்தில் தங்கள் ஆயரின் முன்னுரையைப் பார்க்கிற சபைக்கு அந்தப் புத்தகம் வெளியிலிருந்து வந்ததாகத் தோன்றாது.

பணம் வரும் வழி

வெளிநாட்டுப் பணத்தில் விற்பனை வேறு, காணிக்கை வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். வழக்கமான வியாபாரத்தில் புத்தகத்துக்கு விலையாக வருகிற தொகை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ. 2010இன்படி நன்கொடை ஆகாது. பில் போட்டு, சரக்கு அனுப்பி, வங்கி வழியாக வாங்குங்கள். ஆனால் "இது உங்கள் ஊழியத்துக்கு" என்று ஒருவர் கூடுதலாக அனுப்பும் ஐந்நூறு டாலர் நன்கொடை. அனுப்புகிறவர் இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்கிறவராக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. அவர் கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டவர் என்றால், நம் தெருவில் பிறந்து வளர்ந்தவரானாலும் அது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். எனவே காணிக்கை அனுப்புகிறவரிடம் "உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?" என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

மாதப் பத்திரிகை நடத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவு பெற்ற செய்திப் பத்திரிகையின் ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் வெளிநாட்டு நன்கொடை பெற அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சபைச் செய்திகளையும் நாட்டு நடப்பையும் கலந்து போடுகிற பத்திரிகையின் பொறுப்பாளரே டிரஸ்டின் பொறுப்பாளராகவும் இருந்தால், முதலில் ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்கள்.

வருமான வரியில் உள்ள ஒரு விஷயம் பலருக்கு அதிர்ச்சி தருகிறது. தர்ம ஸ்தாபனமாக விலக்கு பெற்ற டிரஸ்டின் வருமானத்தை இந்தியாவுக்குள் செலவிட்டால்தான் அது தர்மக் காரியத்துக்குச் செலவிட்டதாகக் கணக்கில் சேரும். கொழும்பில் ஒரு கூட்டத்துக்கு, கோலாலம்பூரில் ஓர் அறை வாடகைக்கு என்று செலவிட்டால் அந்தத் தொகைக்கு விலக்கு சிக்கலாகும். 1961ஆம் வருஷச் சட்டத்தில் 11ஆம் பிரிவில் இது இருந்தது. 2025இல் வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. கிளை வைக்காதீர்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அங்குள்ள செலவை அங்குள்ள சபை செய்யும்போது உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. எண் தேவை. அது உங்கள் பான் எண்ணேதான். இணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம், வருஷந்தோறும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே 9 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு; வாங்குகிறவர் அதை விலையில் சேர்க்க வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காகிதமும் எடையும்

டெமி 1/8 அளவில் 200 பக்க நூல் ஒன்றை 80 ஜி.எஸ்.எம். காகிதத்தில் அடித்தால் அட்டையோடு சுமார் 260 கிராம் வரும். அதையே 60 ஜி.எஸ்.எம். மேப்லித்தோவில் அடித்தால் சுமார் 200 கிராம். ஒரு பிரதிக்கு 60 கிராம் என்பது உள்ளூரில் பொருட்டே அல்ல. ஆயிரம் பிரதியில் அது 60 கிலோ. விமானச் சரக்குக் கட்டணத்தில் அது பெரிய பணம். 60 ஜி.எஸ்.எம்.மில் பின்பக்க எழுத்து கொஞ்சம் தெரியும். முதியவர்கள் வாசிக்கிற தியான நூலென்றால் அது உறுத்தும். அப்போது 70 எடுங்கள், பக்கத்தைக் குறையுங்கள். காலிப் பக்கங்கள், விளம்பரப் பக்கங்கள், நம் மற்ற நூல்களின் பட்டியல் எல்லாம் வெளிநாட்டுப் பதிப்பில் தேவையில்லை. பக்க எண்ணிக்கையைப் பதினாறின் மடங்கில் முடித்தால் அச்சு ஃபாரமும் வீணாகாது.

இந்தியப் பதிப்பையே அனுப்புவதானால் அட்டையில் ரூபாய் விலையைப் போடாதீர்கள். ரூ.120 என்று அச்சிட்ட நூலுக்கு அதைவிடப் பல மடங்கு கொடுக்கும் வாசகர் மனம் நோவார். தபால், வரி, கடைக் கழிவு எல்லாம் சேர்ந்த விலை அது என்று மேசையில் நிற்கும் வாலிபர் எத்தனை பேருக்கு விளக்குவார்?

அங்கேயே அச்சடிக்க முடிந்தால் அதுதான் நல்லது. அதற்கு உங்கள் கோப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். இங்கேதான் நம்மில் பலருடைய பழைய நூல்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஷ்ரீலிபி, வானவில், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் பேஜ்மேக்கரில் கோத்த கோப்பை வேறு ஊரில் திறந்தால் வெறும் குறிகள்தான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் வரிக்கு வரி மெய்ப்புப் பார்த்து, அச்சுக்குரிய பி.டி.எஃப். ஒன்றும் திருத்தக்கூடிய கோப்பு ஒன்றும் தனித்தனியே வைத்திருங்கள். மாற்றும் மென்பொருள் கொம்பையும் ஒற்றையும் சில இடங்களில் தவறவிடும். வேத வசன எண்களை இருமுறை பார்க்க வேண்டும். இந்த வேலை முடிந்தால் மின்நூலும் கூடவே தயார். கிண்டில் 2016 இறுதியிலேயே தமிழை ஏற்கத் தொடங்கிவிட்டது. கனடாவில் பனியில் மாட்டிக்கொண்ட ஒரு வாசகருக்குத் தபாலைவிட அது நல்ல வழி.

பிரதிகளை அனுப்பத்தான் வேண்டும் என்றால் பெட்டிக்கு 15 கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள். அங்கே அதை இறக்குபவர் பெரும்பாலும் சபையின் ஒரே ஊழியர். உள்ளே பாலித்தீன் உறை, மூலைகளில் தடித்த அட்டை. தபால் துறை 2022 முதல் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையங்களை நடத்துகிறது. சுங்கப் படிவத்தை அங்கேயே முடிக்கலாம். சேவைகளும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. போன வருஷத்துச் சீட்டை வைத்துக் கணக்குப் போடாமல், அனுப்பும் வாரத்தில் நேரில் கேளுங்கள்.

முதல் இரண்டு வருஷம்

முதல் வருஷம் ஒரே தலைப்பு. உங்கள் பட்டியலில் அதிகம் விற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அங்குள்ள சபை எதைக் கேட்கிறதோ அதை. மூன்று தலைப்புகளின் மாதிரிப் பிரதியை அனுப்பி, போதகர் ஒருவர், ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர், பெண்கள் ஐக்கியத்தில் ஒருவர் என்று மூன்று பேர் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். பெண்கள் ஐக்கியத்துச் சகோதரியின் கருத்தை நான் மற்ற இரண்டையும்விடக் கவனமாகக் கேட்பேன். புத்தகம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். எந்த அத்தியாயத்தில் வாசிப்பதை நிறுத்தினார்கள் என்று அவர்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். இருநூறு பிரதியோடு தொடங்குங்கள். அதில் பாதிக்காவது முன்பணம் வாங்குங்கள். முன்பணம் கொடுத்த சபை அந்தப் புத்தகத்தை விற்கும். இலவசமாக வந்த கட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும்.

இரண்டாவது பதிப்புக்கான பணத்தை முதல் பதிப்பின்போதே ஒதுக்குங்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றைத் தாண்டுகிற நமக்கு இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் இங்கே ஆற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தன் பணத்தில் கட்டினார். கட்டியதோடு நிற்காமல் அதைப் பராமரிக்கவும் ஒரு தொகையை விட்டுச் சென்றார். அதே ஆர்மீனியச் சமூகத்தைச் சேர்ந்த குருவானவர் ஹாருத்தியூன் ஷ்மாவோனியன் 1794இல் மெட்ராஸிலிருந்து 'அஸ்தரார்' என்ற இதழை வெளியிட்டார். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் அது. பல நாடுகளில் சிதறியிருந்த தன் மக்களுக்காக அச்சுக்கூடம் வைத்து, தானே உழைத்து நடத்தினார். 18 இதழ்களோடு 1796இல் அது நின்றுபோனது. அவருடைய அர்ப்பணிப்பில் எந்தக் குறையும் இல்லை. தொலைவிலுள்ள சந்தாதாரர்களை மட்டும் நம்பி நடக்கிற பத்திரிகை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அது காட்டுகிறது. விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் அச்சுச் செலவின் பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஆசிரியர் ராயல்டியையும், மாடி அறை வாடகையையும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை துணை அமைப்பிடமிருந்து ஒரு பக்கக் கணக்கு வர வேண்டும்: வந்தது, விற்றது, இலவசமாகக் கொடுத்தது, சேதமானது, கையிருப்பு. இரண்டு முறை கணக்கு வராவிட்டால் அடுத்த கட்டை அனுப்பாதீர்கள், போனில் பேசுங்கள். அங்கே போதகர் மாறியிருக்கலாம், பொறுப்பு எடுத்த சகோதரர் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். சபைகளில் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆயர் மாற்றம் உண்டு என்பதால், ஒப்பந்தத்தில் ஆயரோடு சேர்த்து மேய்ப்புக் குழுச் செயலரின் கையெழுத்தையும் வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் வருஷ முடிவில், அங்கிருந்து ஒரு கையெழுத்துப் பிரதி வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதியது, அச்சேறத் தகுந்தது. வரவில்லையென்றால் அடுத்த தலைப்பைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பணத்தில் அங்கே இரண்டு நாள் எழுத்துப் பயிற்சி ஒன்றை அந்தச் சபையே நடத்தும்படி கேளுங்கள். பாடத்திட்டத்தையும் பயிற்சித் தாள்களையும் நீங்கள் தயாரித்து அனுப்பலாம், மெய்ப்புத் திருத்தத்தை வீடியோ அழைப்பில் கற்றுக்கொடுக்கலாம். கையெழுத்துப் பிரதி வந்திருந்தால் அதையே அங்கே அடுத்த நூலாக்குங்கள், அதன் இந்தியப் பதிப்புக்கு உரிமை கேட்டு நீங்கள் அவர்களுக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்திலும் நாடு, காலம், பிரதி எண்ணிக்கை, ராயல்டி நான்கும் இருக்கட்டும்.